குப்பிக்குள்ள மீன் பிடிக்கிற மருமவனுக்கு

வாலே மருமவனே, உக்காரு. பையை அங்கன திண்ணையில வையி. என்னலே அது, கலகலன்னு சத்தம் போடுது? மீன் எண்ணெய் மாத்திரையா? பலே! சாளைக் குழம்புல வளந்த பய மெட்ராசுக்குப் போயி, எவனோ எங்கயோ பிடிச்ச மீனைப் பிழிஞ்சு குப்பியில அடைச்சதைத் துட்டு குடுத்து வாங்கி, அதைத் திரும்பவும் தூத்துக்குடிக்கே சுமந்துட்டு வந்து முழுங்குதான். உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதே. என் தங்கச்சி மானஸ்தி, தாங்க மாட்டா.

நான் படிச்சது மூணாங் கிளாசு. மிச்சப் படிப்பெல்லாம் சங்கு குளிச்ச கடல் பாருலதான். ஆனா என் பேத்தி மீன்வளக் கல்லூரியில படிக்கா. ராத்திரி அவ பாடத்தை வாய்விட்டுப் படிப்பா, நான் கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன். அவளுக்கு மார்க்கு, எனக்கு உன்னைய மாதிரி ஆளு வந்தா வாயாடச் சரக்கு. இனி நான் சொல்லுததுல வெவரமா ஏதாச்சும் இருந்தா அது அவ சொன்னது. எகத்தாளம் மட்டும் என்னோடது.

மாத்திரைக்கு வருவோம். ஒமேகா-3ன்னு அதுக்குள்ள இருக்க சத்து பொய்யில்ல. 1970-கள்ல பாங்க், டயர்பெர்க்னு டென்மார்க்குக்காரக ரெண்டு பேரு கிரீன்லாந்துக்குப் போயி, சீலும் திமிங்கிலமும் மீனும் தின்னு வாழுத இனுயிட் சனங்களோட ரத்தத்தைச் சோதிச்சாக. இம்புட்டுக் கொழுப்பைத் தின்னும் இவுகளுக்கு நெஞ்சு வலி அவ்வளவா இல்லியேன்னு ஆச்சரியப்பட்டாக. அன்னைக்கு ஏறின மவுசுதான் மீன் எண்ணெய்க்கு. பிற்பாடு வந்தவக அந்தக் கணக்குலயே ஓட்டை இருக்குன்னு சொன்னது வேற கதை. பொறவு அமெரிக்காவுல 25,871 பேரைச் சேத்து, பாதிப் பேருக்கு தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு சத்தமில்லாம ஒலிவ எண்ணெய்னு அஞ்சு வருசம் போலக் குடுத்துப் பாத்தாக. 2018-ல முடிவு வந்துச்சு. மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு எல்லாத்தையும் சேத்து எண்ணினா ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கிறாப்ல வித்தியாசம் இல்ல. மாரடைப்பை மட்டும் தனியா எண்ணினா குறைஞ்சிருந்துச்சு. அதுலயும் லாபம் கண்டவுக யாரு? மீனை அதிகம் தொடாதவுக.

நீ எந்தக் கூட்டம்? மீன் திங்காதவன் கூட்டத்துல போயி நிக்கே பாத்தியா, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வாரம் ரெண்டு தடவ மீன் தின்னா போதும்னு அமெரிக்க இருதயச் சங்கம் சொல்லுது. ரெண்டு தடவ! நம்ம வீட்டுல ஒரே பகல்ல முடிஞ்சு போற வேலை. டாக்டரு ரத்தத்தைப் பாத்து, கொழுப்பு கூடிக் கெடக்குன்னு அளவு போட்டு எழுதிக் குடுத்தா அது மருந்து, ஒழுங்கா முழுங்கு. நீயா விளம்பரத்தைப் பாத்துக் கை நிறைய அள்ளிப் போட்டா, கூடுதல் அளவுல சில பேருக்கு நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புறதையும் கண்டிருக்காக.

சாளையில அந்த எண்ணெயும் இருக்கு, வைட்டமின் டி-யும் இருக்கு, பி-12-ம் இருக்கு, முள்ளோட மென்னா சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. ரத்தத்துல யூரிக் அமிலம் கூடிக் காலு பெருவிரல் வீங்குதவன் மட்டும் சாளையையும் நெத்திலியையும் பாத்துத் திங்கணும். ரத்தக் கொதிப்புக்காரன் கருவாட்டைக் கண்ணால மட்டும் பாக்கணும். உனக்கு ரெண்டும் இருக்குன்னு உங்க அம்மா சொன்னா. அப்ப நீ குழம்பை அளவாத் தின்னு, கருவாட்டு வாசத்தைப் பிடி.

வாசம்னதும் உன் வீட்டு ஓனரு ஞாபகம் வருது. வாடகைக்கு விடும்போதே, 'சார், நாங்க சுத்த சைவம், மீன் வாடை மாடிக்கு வரப்படாது'ன்னு சொல்லிட்டாராமே. நீயும் சன்னலைச் சாத்தி ஊதுபத்தி கொளுத்திக்கிட்டு, கொலை பண்ணினவன் கணக்கா நெத்திலி வறுக்கியாமே. அவருக்குச் சக்கரை உண்டுல்லா? காலையில ஊசி போடுவாருல்லா? அந்தக் குப்பி தெளிஞ்சிருக்கா, வெள்ளையாக் கலங்கியிருக்கா? உள்ளங்கையில உருட்டிட்டுப் போடுத கலங்கல் இன்சுலினா இருந்தா ஒரு சங்கதி சொல்லுதேன், கேளு. 1936-ல டென்மார்க்குல ஹாகடார்ன்னு ஒரு டாக்டரு, இன்சுலின் ஒடம்புல மடமடன்னு கரைஞ்சு போகுதேன்னு யோசிச்சு, புரோட்டமின்னு ஒரு புரதத்தை அதோட சேத்தாரு. மருந்து மெதுவாக் கரைய ஆரம்பிச்சுது. அந்த வழியில வந்ததுதான் இப்ப என்.பி.எச்.னு சொல்லுத இன்சுலின். புரோட்டமின் எங்கருந்து வந்துச்சு? ஆண் மீனோட விந்துலருந்து! சால்மன், டிரவுட்னு குளிர்நாட்டு மீனுக. இருதய ஆபரேசன் முடிஞ்ச பொறவு, ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த ஹெப்பாரினை முறிக்கவும் அதே புரோட்டமின்தான். அதனாலதான் மீன் ஒத்துக்காதவுகளுக்கு அதைப் போடும்போது டாக்டருமாரு கூடுதலாக் கவனிக்காக.

ஓனருகிட்ட இதைப் போயி ஒளறிராதேலே. மனுசன் ஊசியை நிறுத்திட்டா நமக்குப் பாவம். அடுத்த தடவ வாடகை ஏத்த வரும்போது லேசா ஒரு சிரிப்பு சிரி, போதும்.

உன்னைய மாதிரி டவுன்காரகளோட தொல்லை என்னன்னா, பயப்பட வேண்டியதுக்குப் பயப்படுறதில்ல, பயப்படாததுக்கு ஊரைக் கூட்டுதீக. நேத்து உன் மக கடல்ல காலை நனைச்சா, நீ கரையில நின்னு சுறா வருமா, பாம்பு வருமான்னு அலறுதே. கடப்பாம்புக்கு வெசம் உண்டு, கடும் வெசம். நம்ம ஆஸ்பத்திரியில வச்சிருக்க பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான் ஆவும், கடப்பாம்புக்கு ஆவாது. ஆனா அது உன் மகளைத் தேடிக் கரைக்கு வராது. வலையைப் பிரிக்க எங்க பயலுக கையிலதான் கடிக்கும். ஆஸ்திரேலியாவுல ஸ்டீவ் இர்வின்னு ஒருத்தரு, முதலை வாயில கையை விட்டே பேரு வாங்கினவரு. 2006-ல அவரைக் கொன்னது முதலையா? ஆழமில்லாத தண்ணியில சும்மா போய்க்கிட்டிருந்த திருக்கை. வாலு முள்ளு நெஞ்சுல ஏறிட்டு.

திருக்கையோ கெளுத்தியோ, கல்லோட கல்லாக் கெடக்க முள்ளு மீனோ காலுல குத்திட்டா, எங்க பாட்டன் செஞ்சதையே இப்ப பேத்தியோட புஸ்தகமும் சொல்லுது. தாங்குத சூட்டுல வெந்நி. 45 டிகிரிக்கு மேல போவாம, அரை மணியிலருந்து ஒண்ணரை மணி வரைக்கும் காலை முக்கி வையி. அந்த வெசம் சூடு தாங்காது, வலி இறங்கும். ஆனா குத்தின காலால சூடு பாக்காதே. வலியில மரத்துப் போனது வெந்தாலும் தெரியாது. நல்ல காலை விட்டுப் பாத்துக்கோ. நெஞ்சுலயோ வயித்துலயோ முள்ளு ஏறியிருந்தா பிடுங்கவே பிடுங்காதே, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

கடல்ல மிதக்க சொறிமீனு பட்டுட்டா ஒண்ணுக்கு இருக்கணுமாமே? வாட்ஸ்அப்புல நீதான அனுப்பினே! நாங்க ஏற்கெனவே வலியில துடிக்கோம், மேல நீ வந்து அது வேற செய்யணுமா? மண்ணைப் போட்டுத் தேய்க்கதும் நல்ல தண்ணியில கழுவுததும்கூடத் தப்புதான். தோல்ல ஒட்டிக்கிட்டிருக்க வெடிக்காத முள்ளெல்லாம் அதுலதான் வெடிக்கும். கடத்தண்ணியாலயே கழுவி, இழையை மெள்ள எடுத்துப் போடு. பெட்டிச் சொறின்னு ஒரு ஜாதி, ஆஸ்திரேலியாக் கரையில ஆளையே கொல்லும். அதுக்குக் காடி ஊத்துதாக. மூச்சு வாங்கினா, முகம் வீங்கினா வைத்தியம் பேசிக்கிட்டு நிக்காதே, ஓடு.

ஆனா அந்தச் சொறியை எளப்பமா நெனைக்காதே மருமவனே. உங்க ஆபீசுல எத்தனை பேரு நோபல் பரிசுக்கு வழி பண்ணியிருக்கான்? சொறி வகை ரெண்டு தடவ பண்ணியிருக்கு. 1901-ல மொனாக்கோ ராசா தன் கப்பல்ல ரிஷே, போர்த்தியேன்னு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயி, நீலமா மிதக்குமே ஒரு சொறி, அதோட வெசத்தை ஆராயச் சொன்னாரு. பொறவு கரைக்கு வந்து கடல் அனிமோன் வெசத்தை நாய்களுக்கு ஏத்திப் பாத்தாக. முதத் தடவ ஏத்தினப்போ தாங்கின நாயி, ரெண்டாந்தடவ துளி அளவுக்கே சுருண்டு விழுந்து செத்துது. ஒடம்பு பழகிக்கும்னு நெனைச்சாக, அது பகையை வளத்துக்கிட்டு. உயிரையே பறிக்கிற ஒவ்வாமைன்னா என்னன்னு ஒலகத்துக்கு அப்பத்தான் வெளங்குச்சு. 1913-ல ரிஷேக்கு நோபல். 2008-ல, பச்சையா மினுங்குத சொறியிலருந்து எடுத்த புரதத்துக்கு மூணு பேருக்கு நோபல். ஒடம்புக்குள்ள எந்த உயிரணு என்ன வேலை செய்யுதுன்னு வெளிச்சம் போட்டுப் பாக்க அதுதான் இன்னிக்கும் விளக்கு. றாலு தின்னா உன் மச்சானுக்குத் தொண்டை அடைக்குதே, அதுவும் ரிஷே கண்ட அதே சங்கதிதான். 'ஒரு நாளு தின்னு பழகிக்கோ'ன்னு பந்தியில கட்டாயப்படுத்தினியாமே அவனை? அந்த நாயோட கதையை நெனைச்சுக்கோ.

இப்ப உண்மையிலயே பயப்பட வேண்டியதுக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை நீ மீன் வாங்குத அழகைச் சொல்லட்டா? பத்து மணிக்கு எந்திரிக்கே. பதினோரு மணிக்கு மார்க்கெட்டு. ஐஸ் ஓடி மறைஞ்ச தட்டுல வெயில்ல மல்லாந்து கெடக்க சூரையையோ அயிலையையோ, வெலை குறைஞ்சிருக்கேன்னு ரெண்டு கிலோ வாங்குதே. ஸ்கூட்டர்ல மாட்டிக்கிட்டு அப்படியே பலசரக்குக் கடை, சலவைக் கடை, டீக்கடையில அரை மணி அரசியல். வீட்டுக்கு வந்து நல்லா மிளகா தடவிப் பொரிக்கே. ஒரு மணி நேரத்துல மூஞ்சி செவக்குது, தலை இடிக்குது, மேலெல்லாம் தடிக்குது, நெஞ்சு படபடக்குது. 'எனக்கு மீனு அலர்ஜி'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதே. உனக்கு அலர்ஜி மீனு மேல இல்லலே, ஐஸ் மேல!

சூரை, அயிலை, சாளை, ஆமா, நான் இவ்வளவு நேரம் மெச்சின அதே சாளை, இதுக சதையில ஹிஸ்டிடின்னு ஒரு பொருளு நெறைய. மீனு சூட்டுல கெடந்தா கிருமி சேந்து அதை ஹிஸ்டமினா மாத்திரும். கண்ணுக்குத் தெரியாது, சில நேரம் மூக்குக்கும் தெரியாது. நாக்குல லேசாக் கார்ப்பு தட்டினா உண்டு. அதுக்குப் பொறவு நீ கொதிக்க வையி, பொரி, சுடு, பிரிட்ஜுல வையி, அந்த ஹிஸ்டமின் அசையாது. கரைக்கு வந்த நிமிசத்துலருந்து கொழம்புச் சட்டி வரைக்கும் குளிர்ச்சி விடாம இருக்கணும். சின்னதா ஒரு பெட்டி, ரெண்டு கை ஐஸ், அம்புட்டுத்தான் செலவு. மாத்திரைக் குப்பிக்கு நீ குடுத்த துட்டுல வருசம் பூரா ஐஸ் வாங்கலாம்.

ஐஸுக்குப் பதிலா மருந்தைப் போட்டு ஏமாத்துதவனும் உண்டு. பிணத்துக்குப் போடுத பார்மலினை மீனுக்குப் போட்டதை, 2018-ல கேரளாவுல 'சாகர் ராணி'ன்னு சோதனை போட்டுப் பிடிச்சாக. அதனால கண்ணு குழி விழுந்து, செவுளு வெளுத்து, ஈ கூட மொய்க்காம ஒரு மீனு வெறைச்சுக் கெடந்தா, 'அடேங்கப்பா சுத்தமா இருக்கே'ன்னு மெச்சாதே. ஈ உன்னைய விட வெவரம்.

இந்தா, இது பேத்தை. தொட்டா வயித்தை ஊதிக்கிட்டுப் பெரிய மனுசனாட்டம் நிக்கும். வலையில வந்தா நாங்க வீசிருவோம். ஜப்பான்காரன் இதுக்குன்னே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கின சமையக்காரனை வச்சு, பெருந்துட்டு குடுத்துத் திங்கான். ஈரல்லயும் சினையிலயும் டெட்ரோடோடாக்சின்னு ஒரு வெசம். பல ஜாதியில தோல்லயும் உண்டு. கொதிச்சாலும் போவாது, முறிக்க மருந்தும் கெடையாது. முதல்ல உதடு மரக்கும், நாக்கு மரக்கும், பொறவு கை காலு. புத்தி மட்டும் தெளிவா இருக்கும், மூச்சு இழுக்கத்தான் தசை அசையாது. 1975-ல மிட்சுகோரோன்னு ஒரு பெரிய கபுகி நடிகரு, நாடே பொக்கிஷம்னு கொண்டாடினவரு, கியோட்டோவுல ஒரே இருப்புல நாலு பேரு பங்கு ஈரலைக் கேட்டு வாங்கித் தின்னாரு. தன்னைய ஒண்ணும் செய்யாதுன்னாராம். அவரு நடிச்ச கடைசிச் சாவு நடிப்பில்லாமப் போச்சு. இப்ப அதே வெசத்தைத் துளியிலும் துளியா எடுத்து, புத்துநோய் வலிக்கு ஆவுமான்னு சோதிக்காக.

பேத்தையாச்சும் வயித்தை ஊதி அறிவிப்புக் குடுக்கு. மட்டி அதுகூடச் செய்யாது. கடல்ல கண்ணுக்குத் தெரியாத பாசி சில காலம் பெருகும். அதுல சில ஜாதி வெசம். மட்டி தண்ணியை உறிஞ்சி வடிக்கும்போது அந்த வெசம் சதையில தங்கிரும். மட்டிக்கு ஒண்ணும் ஆவாது, தின்னவனுக்கு ஆவும். கல்பாக்கம் பக்கத்துல வயலூர்ல 1981-ல மட்டி தின்ன சனங்களுக்கு அப்படித்தான் மரத்துப் போயி, உயிரும் போச்சு. அலசினாலும் அவிச்சாலும் தீராத வெசம். தண்ணி நெறம் மாறிக் கெடக்க காலத்துல, 'இன்னிக்கு மட்டி மலிவு'ன்னு எவனாச்சும் சொன்னா, அவனையே முதல்ல ஒரு தட்டுத் திங்கச் சொல்லு.

சங்கு குளிக்கப் போவயில எங்க சம்மாட்டி சொல்லிக் குடுத்த முதப் பாடம், சங்கை எடு, பூப் போட்ட கூம்புச் சிப்பியைத் தொடாதேன்னு. கூம்பு நத்தைம்பாக. நம்ம மன்னார் வளைகுடாவுல பல ஜாதி உண்டு. பாக்கப் பட்டுச் சீலை மாதிரி இருக்கும், உன் பொஞ்சாதி மேசையில வைக்க ஆசைப்படுவா. உசுரோட எடுத்தியோ, மூக்கு நுனியிலருந்து ஈட்டியை விடும். பெரிய ஜாதி குத்தி ஆளு செத்தது உண்டு, மாத்து மருந்து கெடையாது. பிலிப்பைன்ஸ்காரரு ஒலிவேரான்னு ஒருத்தரு, அமெரிக்காவுல படிச்சுட்டு ஊரு திரும்பி, பெரிய கருவி ஒண்ணும் கையில இல்லாததால கைக்குக் கெடைச்ச இந்த நத்தையைப் பிடிச்சுக்கிட்டாரு. பிற்பாடு அமெரிக்காவுல யூட்டாவுல அவரு சோதனைச் சாலையில மெக்கின்டோஷ்னு ஒரு மாணவப் பய அந்த வெசத்துலருந்து ஒரு துணுக்கைப் பிரிச்சு எடுத்தான். வலியைத் தலைக்குக் கொண்டு போற நரம்புக் கதவை அது சாத்திருது. 2004-ல மருந்தாவே வந்துட்டு. சிக்கோனோடைடு. மார்பினும் கேக்காத வலிக்காரனுக்கு, தண்டுவட நீருக்குள்ள நேரா, சொட்டுச் சொட்டா. ஊரையே கொல்லுத நத்தை கடைசியில ஒரு நோயாளியை உறங்க வைக்கு.

கடப்பஞ்சுன்னு நாம மிதிச்சுட்டுப் போறமே, அதுலருந்தும் வந்திருக்கு. பெர்க்மன்னு ஒருத்தரு பிளோரிடாக் கரையில எடுத்த ஒரு பஞ்சுல வினோதமான பொருளைக் கண்டாரு. அதைப் பாத்து மனுசன் செஞ்சது சைட்டரபின். ரத்தப் புத்துநோய்க்கு 1969-லருந்து குடுக்காக. நகர முடியாத பஞ்சு, ஓட முடியாத நத்தை, ஒளிய முடியாத பாசி, இதுகதான் பெரும்பாலும் வெசத்தையும் மருந்தையும் காய்ச்சுது. காலும் றெக்கையும் இருக்கவன் தப்பிச்சுப் போயிருவான், அவனுக்கு என்ன அவசியம்?

பாசின்னதும், ராமேஸ்வரம் பக்கம் நம்ம பொண்டுக விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடியைக் கட்டிக்கிட்டு, முழுக்கு முழுக்கா மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்காகளே, அதுலருந்து வாரதுதான் அகர். ஆஸ்பத்திரியில உன் சளியையும் சிறுநீரையும் தட்டுல தடவிக் கிருமி வளத்துப் பாக்காகளே, அந்தத் தட்டுல இருக்க கெட்டிக் கூழு. அதுக்கு வழி சொன்னது பேனி ஹெஸேன்னு ஒரு வீட்டம்மா. 1881-ல அவ புருசன் ஜெர்மனியில கோக் டாக்டருகிட்ட வேலை. வெயில்ல கிருமித் தட்டெல்லாம் உருகி ஊத்துதுன்னு பொலம்பினாரு. நான் பழக்கூழு உறைய வைக்கப் போடுதேனே, அதைப் போட்டுப் பாருமேன்னா. அம்புட்டுத்தான். பேரு கோக்குக்குப் போச்சு. இன்னொண்ணு பெப்சிப் பாசி, மண்டபத்துல அந்தக் கம்பெனி வளக்கச் சொல்லிக் குடுத்ததால வந்த பேரு. அதுலருந்து எடுக்க காரஜீனன்தான் உன் மக நக்குத ஐஸ்கிரீமுக்குக் கெட்டி, நீ தேய்க்க பற்பசைக்குக் கெட்டி. பாத்துக்கோ, கடலை வேண்டாம்னு சொல்லுத மெட்ராசுக்காரன் காலையில பல்லு தேய்க்கும்போதே கடல்ல வாயை வச்சிட்டான்.

நம்ம ஆளுகளும் லேசுப்பட்டவுக இல்ல. எங்க அப்பன் காலத்துல தூத்துக்குடியில பேராமை ரத்தத்தை வெறும் வயித்துல கிளாசுல பிடிச்சுக் குடிப்பாக. மூலத்துக்கு நல்லது, இழுப்புக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு. எவனுக்கு மூலம் போச்சோ தெரியல, ஆமைதான் போச்சு. அழுங்காமைன்னு இன்னொண்ணு, கடப்பஞ்சைத் தின்னு வளரும். அதோட சதை சில நேரம் வெசமாயிரும். வாய் புண்ணாகும், வாந்தி வரும், உறக்கத்துலயே ஆளு போயிருவான். மணப்பாட்டுல 1977-ல அந்தக் கறியைத் தின்னு பல பேரு செத்தாக. இலங்கைக் கரையில ஈரலைக் காக்காய்க்குப் போட்டு, அது தின்னாத்தான் தாங்க திம்பாகளாம். காக்காயை டாக்டராக்கின தைரியத்தைப் பாரு! இப்ப 1972-ம் வருசத்துச் சட்டத்துல ஆமைக்கெல்லாம் பாதுகாப்பு உண்டு. கடல் அட்டையையும் 2001-ல அதுல சேத்துட்டாக. எவனாச்சும் உன்கிட்ட வந்து, 'அண்ணாச்சி, வீரியத்துக்கு அட்டை, சீனாவுல லச்ச ரூவா'ன்னு குசுகுசுத்தா, வீரியம் ஏறும் முன்ன ஜெயிலுக்கு ஏறிருவே.

கடைசியா உன் பொஞ்சாதி சமாசாரம். மாசமா இருக்கா, நல்லது. பிள்ளை பெத்ததும் பால்சுறா புட்டு பண்ணிப் போடணும்னு உங்க அம்மா இப்பவே எனக்கு போன் போட்டு, நல்ல குட்டியாப் பாத்து வையின்னு சொல்லிட்டா. பால் ஊறும்னு நம்ம பாட்டிமாரெல்லாம் சொன்னதுதான். பேத்தி ஆதாரம் கேக்கா. பேத்திக்கு இன்னும் பிள்ளை இல்ல. ஆனா அவ சொல்லுத ஒண்ணை நானும் ஒத்துக்கிடுதேன். பெரிய மீனு சின்ன மீனைத் திங்கு, அது அதைவிடச் சின்னதைத் திங்கு. கடல்ல கலந்த பாதரசம் எல்லாம் கடைசியில பெருஞ்சுறா, மயில்மீனு ஒடம்புலதான் போயிச் சேருது. ஜப்பான்ல மினமாட்டாவுல ஒரு ஆலை பாதரசக் கழிவைக் குடாவுல விட்டுச்சு. முதல்ல பூனைக பித்துப் பிடிச்சு ஆடுச்சு, 1956-ல மனுசனுக்கும் அதே சீக்குன்னு வெளிய வந்துச்சு. மீனு தின்ன தாய்மாருக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாம, வயித்துல இருந்த பிள்ளைக மூளையில பாதரசம் போயித் தங்கினதுதான் கொடுமை. அதனால வயித்துல பிள்ளை இருக்க வரைக்கும், பால் குடுக்க காலத்துலயும், சுறாவும் மயில்மீனும் வேண்டாம். மீனே வேண்டாம்னு சொல்லிராதே. பிள்ளை மூளைக்கு மீனு வேணும். சாளை, நெத்திலி, காரல், எல்லாம் சின்ன மீனு, குறைஞ்ச ஆயுசு, பாதரசம் சேர நேரமில்ல. உங்க அம்மா வருத்தப்பட்டா என் பேரைச் சொல்லு. அண்ணன் சொன்னா அவ திட்டுவா, ஆனா கேப்பா.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. மீனு, நண்டு, மட்டி எதைத் தின்னாவது உதடு மரத்தாலோ, மேலு தடிச்சாலோ, மூச்சு முட்டினாலோ என்னையத் தேடிக்கிட்டு வராதே, 108-க்கு அடி. டாக்டருகிட்ட 'என்னமோ தின்னேன்'னு சொல்லாதே. என்ன மீனு, எந்தப் பாகம், எத்தனை மணிக்குத் தின்னது, கூடத் தின்னவுக யாரு யாருன்னு சொல்லு. சட்டியில மிச்சம் இருந்தா கையோட எடுத்துட்டுப் போ.